கண்ணாடி விரியனும் மூன்று சாட்சிகளும்

"அண்ணா, இதுல பாம்புன்னு என்னமோ போட்டிருக்கே, பாத்தீங்களா?"

தங்கை நீட்டியது ரத்தப் பரிசோதனைத் தாள். இரண்டு முறை கரு தங்காமல் போன பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்த சோதனைகள். ஒரு வரியில் டி.ஆர்.வி.வி.டி. என்று ஐந்து எழுத்து, அடியில் பொடி எழுத்தில் அதன் விரிவு: டைல்யூட் ரஸ்ஸல் வைப்பர் வெனம் டைம். நீர்த்த விரியன் நஞ்சைச் சேர்த்தால் ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்ற கணக்கு. ரஸ்ஸல் விரியன் வெளிநாட்டுச் சரக்கு ஒன்றுமில்லை. வரப்போரம் சுருண்டு கிடந்து குக்கர் போலச் சீறும் நம் கண்ணாடி விரியன்தான்.

எனக்கு உறுத்தியது பாம்பு அல்ல, 'உறைய' என்ற சொல். விரியன் தீண்டியவருக்கு ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். இன்றும் மருத்துவமனையில் முதலில் செய்வது என்ன? கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்த்து, உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறிவிட்டது என்று முறிமருந்து ஏற்றுகிறார்கள். ரத்தத்தை உறையவிடாத நஞ்சு, உறைவை அளக்கும் சோதனைக்குள் எப்படி வந்தது? மருத்துவ வரலாற்றுக் காகிதங்களோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

முதலில் சிக்கியது 1986-இல் 'பிளட்' என்ற ஆய்விதழில் வந்த கட்டுரை. இந்தச் சோதனையை நோயறிதலுக்கு வகுத்துக்கொடுத்தது அதுதான். எழுதியவர்கள் மூவர், முதல் பெயர் தியாகராஜன். முன்பின் தெரியாத ஊரில் நம்மூர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றேன். ஆனால் நஞ்சு அவர்கள் கைக்கு வரும்போதே பழகிய பொருளாகிவிட்டிருந்தது. 'ஸ்டிப்வென்' என்ற வணிகப் பெயரில் அது எப்போதோ விற்பனைக்கு வந்திருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன்.

தடம் 1934-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் போய் நின்றது. லண்டன் புனித பர்த்தலோமியு மருத்துவமனையின் இளம் மருத்துவர் மக்ஃபார்லேனும், லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாளராக இருந்த பர்ஜஸ் பார்னெட்டும் சேர்ந்து எழுதியது. ஒருவரிடம் ரத்தம் நிற்காத நோயாளிகள், இன்னொருவரிடம் பாம்புகள். இப்படி ஒரு கூட்டு அமையாவிட்டால் இந்தக் கதையே இல்லை. பல நஞ்சுகளைச் சோதித்ததில் கண்ணாடி விரியனின் நஞ்சுதான் ஹீமோஃபிலியா நோயாளியின் ரத்தத்தைக்கூடச் சட்டென்று உறையவைத்தது. 10,000 பங்குக்கு 1 பங்கு என்று நீர்க்கவைத்தாலும் வேலை செய்தது. பல் பிடுங்கினால் நாட்கணக்கில் ரத்தம் கசியும் நோயாளிகளுக்கு, அதில் நனைத்த பஞ்சைக் குழியில் வைத்து அழுத்தினால் கசிவு நின்றது. பரோஸ் வெல்கம் கம்பெனி ஸ்டிப்வென் என்று புட்டியில் அடைத்து விற்றது இதைத்தான்.

காரணம் பின்னால்தான் தெளிவானது. ரத்தம் உறைவது ஒரே வீச்சில் நடப்பதல்ல. ஒரு காரணி இன்னொன்றை எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் ஃபைப்ரின் நூல் வலை பின்னுகிறது. இந்தத் தொடரை 1964-இல் 'நேச்சர்' இதழில் வரைந்து காட்டியவரும் இதே மக்ஃபார்லேன்தான். ஹீமோஃபிலியாவில் எட்டாம் காரணியோ ஒன்பதாம் காரணியோ குறைவு. தொடர் நடுவில் அறுந்து நிற்கும். விரியன் நஞ்சு அந்தப் படிகளைத் தொடாமல் நேரே பத்தாம் காரணியை எழுப்பிவிடுகிறது. வாசல் பூட்டியிருந்தால் என்ன, கொல்லைப்புறம் திறந்திருக்கிறதே.

ஆக இரண்டு சாட்சிகள். 20 நிமிடக் குழாய் 'உறையவிடாது' என்கிறது. லான்செட் 'உறையவைக்கும்' என்கிறது. இதைத் தீர்த்துவைத்தது பம்பாய். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் லாம்ப் என்ற மருத்துவ அதிகாரி, வில்லியம் ஹன்னாவோடு சேர்ந்து இந்த நஞ்சை ஆராய்ந்திருக்கிறார். நஞ்சு விலங்கின் நாளத்துக்குள்ளேயே ரத்தத்தைக் கட்டியாக்கிவிடுகிறது என்பதைக் கண்டார்கள். அதில்தான் முடிச்சு அவிழ்ந்தது. கடிபட்டவர் உடம்பெங்கும் ஒரே நேரத்தில் உறைவு மூண்டு, உறைவுக்கு வேண்டிய காரணிகள் செலவாகிப்போகின்றன. பிறகு குழாயில் எடுத்த ரத்தம் எதைக்கொண்டு உறையும்? கஜானா காலி. இரண்டு சாட்சிகளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், வெவ்வேறு மணிக்கு நின்று பார்த்து.

பாம்புக்குப் பெயர் தந்த ரஸ்ஸலைப் பிடிக்கத்தான் அதிகம் அலைந்தேன். பாட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து மருத்துவர். அலெப்போவில் கொள்ளைநோயைப் பார்த்தவர். விசாகப்பட்டினத்தில் உத்தியோகம் பெற்ற தம்பியோடு 1781-இல் இந்தியா வந்தார். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளராகி, பாம்புக்கடி மருந்துகளையும் விடாமல் சோதித்தார். அப்போது பேர்பெற்றிருந்த பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையும் அவர் கைக்குத் தப்பவில்லை. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் ஒளிநகலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். 'ரஸ்ஸல் விரியன்' எங்குமே இல்லை. கையால் வண்ணம் தீட்டிய படங்களை மறுபடி பார்த்துவந்தபோது, முதுகில் கருவிளிம்பு வட்டங்களோடு அது கிடந்தது. பெயர் மட்டும் 'காட்டுக ரேக்குல பொட' என்று தெலுங்கில். இருக்காதா பின்னே, எந்த மனிதர் பாம்புக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வார்? மறு ஆண்டு ஜார்ஜ் ஷா அறிவியல் பெயர் சூட்டும்போதுதான் ரஸ்ஸல் ஒட்டிக்கொண்டார். காட்டுக என்றால் தெலுங்கில் கண்மை. மை தீட்டின வட்டம்! எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

மூன்றாவது சாட்சி தங்கையின் தாள். அதில் நேரம் நீண்டிருந்தது, அதாவது மெதுவாக உறைகிறது. ஆனால் மருத்துவர் பயந்தது ரத்தம் கட்டிவிடுமோ என்றுதான். நஞ்சு தொடங்கிவைத்த உறைவு முடியக் கொஞ்சம் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வேண்டும். சிலருடைய ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் அந்தக் கொழுப்பின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் குழாயில் உறைவு தாமதமாகிறது. கொழுப்பைத் தாராளமாகச் சேர்த்தால் நேரம் மறுபடி குறைந்துவிடும். அதைவைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். உடம்புக்குள்ளோ அதே எதிர்ப்பொருள் நாளங்களிலும் நஞ்சுக்கொடியிலும் ரத்தக்கட்டிக்கு வழிவிடுகிறது. இதற்கு 'லூபஸ் உறைவெதிர்ப்பான்' என்று பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது? பலருக்கு லூபஸ் என்ற நோயும் இல்லை, உடம்புக்குள் உறைவை அது எதிர்ப்பதும் இல்லை.

ஒரு தாளை நம்பி முடிவு சொல்ல மாட்டார்கள். 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தாக வேண்டும். அதுவும் இப்படியே வந்தால், அடுத்த கர்ப்பத்தில் சிறு அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும். ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைத் தொடும், ஹெப்பாரின் கடக்காது. எல்லாவற்றையும் தங்கையிடம் விளக்கிவிட்டு, ரஸ்ஸல் நூலிலிருந்து அச்செடுத்த படத்தையும் நீட்டினேன். வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் இந்த விரியனைப் பிடித்து முறிமருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருகிறார்கள் என்றும் சொன்னேன்.

அவள் படத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"தேதியை மட்டும் சொல்லுங்கண்ணா. பன்னெண்டு வாரம்னா, ஆடி பதினெட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?"