அருவாளும் சீமைக்கருவேலமும்

போன பொங்கல் லீவுக்கு என் ரூம்மேட் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தான். பைக்குள் ஒரு கத்தி. நாலு அங்குல நீளம், உறையோடு, பளபளவென்று இருந்தது. 'புஷ்கிராஃப்ட்' வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியதாம். காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் இது ஒன்று போதும், குடிசை போடலாம், நெருப்பு மூட்டலாம் என்றான். காடுதானே, வாடா என்று சாத்தூர் - ஏழாயிரம்பண்ணை ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் தாத்தாவின் புஞ்சைக்குக் கூட்டிப் போனேன். (எங்கள் பக்கம் புஞ்சையைத்தான் காடு என்போம். புலி எல்லாம் கிடையாது.)

வரப்போரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அரை மணி நேரம் போராடி ஒரு கிளையை வெட்டினான். கையில் மூன்று முள், செருப்பில் ஒன்று. பார்த்துக்கொண்டிருந்த தாத்தா, "தம்பி, அத வீட்டுல வெங்காயம் உரிக்க வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அருவாளை எடுத்தார். நாலைந்து வெட்டுதான், பாதை தெரிந்துவிட்டது.

கத்தி மேல் தப்பே இல்லை நண்பர்களே. அது வேறு ஊர்க் காட்டுக்குப் பிறந்த கத்தி. கனடாவின் மார்ஸ் கொச்சான்ஸ்கி 1988-ல் புஷ்கிராஃப்ட் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், இன்று வரும் வீடியோக்களில் பாதிக்கு அதுதான் மூலம். அவர் பேசுவது பைன், பிர்ச் மரங்கள் நிற்கும் பனிக்காடு. அங்கே குளிர்தான் எமன். விறகைப் பிளந்து, சீவி, சுருள் சுருளாகச் செதுக்கி உடனே நெருப்பு மூட்ட வேண்டும். அதற்கு நேரான சின்னக் கத்தி போதும். ஸ்வீடனில் மோரா என்ற ஊரே இந்த மாதிரிக் கத்திக்குப் பேர்போனது. மலேயாக் காட்டுக்காரன் கையில் அது பராங் ஆகிவிடுகிறது, நேபாளத்துக்காரன் கையில் குக்ரி. அப்படியென்றால் முள்ளும் வெயிலுமாக இருக்கிற கரிசல்காட்டுக்கு எது? அருவாள்தான். (எழுத்தில் அரிவாள் என்பதே சரி. எனக்கு அப்படி எழுத வாய் வரவில்லை.)

வெட்டருவாளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். கனம் முழுக்க முன்பக்கம் இருக்கும், அதனால் ஓங்கினால் போதும், பாதி வேலையை இரும்பே பார்த்துக்கொள்ளும். நுனி வளைவு எதற்கென்று தாத்தாவிடம் கேட்டேன். முள்கிளையைக் கையால் தொடாமல் இழுத்துப் போடத்தானாம். எவ்வளவு எளிது! கதிர் அறுக்கப் பல் வைத்த கருக்கருவாள் தனி. பனையேறிகள் பாளை சீவ வைத்திருப்பது கனமில்லாத, சவரக்கத்தி மாதிரிக் கூர்மையான பாளை அருவாள். ஆடு மேய்ப்பவர் தோளில் தொரட்டி, நீளக் கம்பின் நுனியில் கட்டிய குட்டி அருவாள் அது. கோடையில் தரையில் புல் இல்லாதபோது மரத்தில் இருக்கும் காயையும் குழையையும் ஆட்டுக்கு இறக்கிக் கொடுப்பது அந்தத் தொரட்டிதான்.

இரும்பு எங்களுக்குப் புதிதல்ல. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருட்களின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள், அவர்கள் விவாதிக்கட்டும். நான் 200 வருடம் பின்னால் போனால் போதும்.

நாங்கள் போன அந்த ஏழாயிரம்பண்ணை, ஒரு காலத்தில் ஒரு பாளையம். 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டபோது பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினிக்காரர்கள் பறிமுதல் செய்த பாளையங்களில் அதுவும் ஒன்று. கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பிடுங்கினார்கள். 1801-ல் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் மறுபடி எழுந்தார்கள். அதையும் அடக்கிவிட்டு அந்த டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது. தென்சீமையில் இனி யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். துப்பாக்கி போனது, ஈட்டி போனது. அருவாள் மட்டும் வீட்டு எறவாணத்தில் அப்படியே தொங்கியது. சம்சாரியிடம் அருவாளைப் பிடுங்கினால் விளைச்சல் ஏது, விளைச்சல் இல்லாமல் கும்பினிக்கு வரி ஏது? (இது காமர்ஸ்காரனின் ஊகம். தப்பாக இருந்தால் வரலாறு படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

இன்றைய சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறது. 1959-ம் வருட ஆயுதச் சட்டம் ஆயுதம் என்றால் என்ன என்று விளக்கும்போது, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட பொருட்களை விட்டுவிடுகிறது. அதன் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள கத்தியைப் பற்றிப் பேசுகின்றன, அங்கேயும் விவசாயத்துக்கு விலக்கு உண்டு. தாத்தாவின் அருவாளை ஸ்கேல் வைத்து அளந்தேன், 11 அங்குலம். ஆக, அது ஆயுதமா கருவியா என்பதை இரும்பு சொல்லாது, எதற்குச் செய்தது என்பதுதான் சொல்லும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். வெளியூரில் "சாத்தூரா? அருவாளோட வந்திருக்கியா?" என்று கேட்காத ஆள் குறைவு. சினிமா செய்த வேலை. 2005-ல் வந்த 'திருப்பாச்சி' படத்தின் ஹீரோ அருவாள் செய்பவர்தான், ஆனால் படம் பார்த்தவர்கள் மனதில் நின்றது பட்டறை அல்ல. அதே சமயம் எல்லாப் பழியையும் சினிமா மேல் போட முடியாது. வெட்டுக்குத்து நடக்கத்தான் செய்கிறது. 2021-ல் தமிழகத்தில் கொலைகள் அடுத்தடுத்து நடந்தபோது, கத்தி, அருவாள் வாங்குபவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரர்களுக்குப் போலீஸ் அறிவுறுத்தியது. ரூம்மேட் ஆசைப்பட்டு ஒன்று அடிக்கச் சொன்னபோது ஆசாரி முதலில் நோட்டைத்தான் நீட்டினார்!

அவர் அடிப்பது லாரிப் பட்டாவில், வண்டிக்கு அடியில் வில் மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அது. வளைந்தாலும் ஒடியாத எஃகு. உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கிப் பதம் ஏற்றுகிறார். முழுசாக முக்கினால் கல்லில் பட்டதும் தெறித்துவிடுமாம். உலைக்கு என்ன கரி என்று கேட்டேன், சீமைக்கருவேலக் கரியாம். எதை வெட்ட அருவாளோ, அதை எரித்தே அருவாள்.

இந்தச் சீமைக்கருவேலமும் வந்த சரக்குதான், அமெரிக்கக் கண்டத்துச் செடி. வறண்ட இடத்தில் விறகு வேண்டும் என்று 1877 வாக்கில் வெள்ளைக்கார வனத்துறை கடப்பா பக்கம் விதைத்தது, பிறகு பரவியதைத் தடுக்க ஆளில்லை. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டது நினைவிருக்கலாம். நிலத்துக்குக் கேடு என்பது உண்மை. ஆனால் மழை பொய்த்த வருடங்களில் விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்ததும் அரிசி வந்ததும் விறகுவெட்டிலும் கரிமூட்டத்திலும்தான். எங்கள் தாத்தா வீடும் அதில் ஒன்று. ரூம்மேட் சொல்லும் 'சர்வைவல்' இதுதானே?

வெட்டப் போகிறவர்களுக்குத் தாத்தா சொன்ன சில விஷயங்கள். வெயில் ஏறும் முன் வேலையை முடி. காலை அகட்டி நில், வெட்டு தவறினால் அருவாள் எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் கால் இருக்கக் கூடாது. அடிமரத்தில் கை வைக்கும் முன் கம்பால் தட்டு, பாம்பு இருந்தால் போய்விடும். பிடி ஆடினால் பூணை இறுக்காமல் ஓங்காதே. பஸ்ஸில் கொண்டுபோனால் சாக்கில் சுற்று.

பாம்பு விஷயத்தில் மட்டும் தாத்தா காலத்து வழக்கம் தப்பு. கடித்த இடத்தைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவது ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் முதலுதவிப் புத்தகங்களிலேயே இருந்தது. இன்று மருத்துவர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். கண்ணாடி விரியனும் சுருட்டையும் கடித்தால் ரத்தம் உறையாது, அதில் கீறினால் நிற்காமல் போகும். இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல், நடக்க விடாமல், அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு.

தாத்தாவின் இடது கால் பெருவிரல் மடங்காது, லேசாகச் சாய்ந்துதான் நடப்பார். 1974-ல் வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்ததும், கூட இருந்த உறவுக்காரர் அதே அருவாளால் கீறிவிட்டிருக்கிறார். கடித்தது விஷமில்லாத பாம்பு என்று பிறகு தெரிந்தது. கீறிய காயம் சீழ் பிடித்து ஆற மூன்று மாதம் ஆனது. "பாம்பு சும்மா விட்டுச்சு, மச்சான்தான் விடல" என்று சிரிப்பார். ரூம்மேட்டின் புது அருவாள் இப்போது அவர் வீட்டு எறவாணத்தில்தான் தொங்குகிறது, ஹாஸ்டலில் வைக்க விடுவார்களா என்ன!