சிங்கப்பூரில் பழந்தமிழ் அச்சுநூல்கள்: சட்டம், சந்தை, சேகரிப்பு

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய வரலாற்றைக் கற்பிப்போர் 1887ஆம் ஆண்டைத் தவறாது குறிப்பிடுவர். அவ்வாண்டில்தான் சி. கு. மகுதூம் சாயபு 'சிங்கைநேசன்' வார இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி'யும் அவ்வாண்டிலேயே அச்சேறியது. ஆயினும், இவற்றை நாம் இன்று எவ்வாறு அறிந்துகொள்கிறோம் என்னும் வினா வகுப்பறையில் அரிதாகவே எழுகிறது. சிங்கைநேசன் இதழ்கள் சிங்கப்பூரின் தமிழ் இல்லம் ஒன்றின் பரணிலிருந்தோ சிராங்கூன் சாலைப் புத்தகக் கடையிலிருந்தோ நமக்குக் கிட்டியவை அல்ல. அவை இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, நுண்படச் சுருளாகப் பிறந்த ஊருக்குத் திரும்பியவை.

அச்சிட்ட நூலொன்று நூறாண்டு கடந்து வாழ்வதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. சட்டம் அதனைக் காக்கலாம். பழம்புத்தகச் சந்தை அதற்கு விலை வைத்துக் காக்கலாம். சேகரிப்பாளர் ஒருவர் ஆர்வத்தால் காக்கலாம். சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கு இம்மூன்றும் எந்த அளவில் துணைநின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சட்டம் காத்தவை

நீரிணைக் குடியேற்ற அரசு 1886ஆம் ஆண்டு நூற்பதிவுச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் 1867ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கு அச்சாகும் நூலின் பிரதிகளை அச்சகத்தார் அரசிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது விதி. பதிவான நூல்களின் பட்டியல் அரசிதழில் வெளியிடப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட பிரதி இலண்டனுக்கும் சென்றது. குடியேற்ற அரசு தன் குடிமக்கள் எதனை அச்சிடுகின்றனர் என்று அறிய விரும்பியதும் இதன் பின்னணியில் உண்டு. நோக்கம் எதுவாயினும் விளைவு நமக்கு நன்மையாயிற்று.

சட்டத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டால் இவ்வுண்மை தெளிவாகும். 1875ஆம் ஆண்டின் 'சிங்கை வர்த்தமானி', அடுத்த ஆண்டின் 'தங்கை சிநேகன்', 1882ஆம் ஆண்டின் 'ஞானசூரியன்' ஆகிய இதழ்கள் இன்று பெயரளவிலேயே அறியப்படுகின்றன. சட்டம் நடைமுறைக்கு வந்த மறு ஆண்டில் தோன்றிய சிங்கைநேசனோ 1890ஆம் ஆண்டில் நின்றுபோன பின்னரும் இதழ்களாகவே எஞ்சியுள்ளது. அவ்வெஞ்சிய இதழ்களே, 1888ஆம் ஆண்டில் மகுதூம் சாயபு எழுதிய 'விநோத சம்பாஷணை'யைச் சிறுகதையின் தொடக்கமாகக் கொள்ளலாமா என்னும் ஆய்வுக்கு இடமளித்தன. நா. கோவிந்தசாமி முன்வைத்த இக்கருத்தை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் மூல இதழ் கையில் இருத்தல் வேண்டும். முன்னைய மூன்று இதழ்களைப் பற்றி அத்தகைய விவாதம் எழவே வாய்ப்பில்லை.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் அச்சானது. இன்று கிடைக்கும் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாக அது கருதப்படுகிறது. சட்டத்தின் துணையின்றியே அது தப்பிப் பிழைத்தது. அதுபோல் பிழைக்காதவை எத்தனை என்று எண்ணும்போது இழப்பின் அளவு ஓரளவு புலப்படும்.

சந்தை கைவிட்டவை

சிங்கப்பூரில் பழம்புத்தக வணிகம் இல்லாமல் இல்லை. பிராஸ் பசா சாலையை ஒட்டிய கடைகள் பல தலைமுறை மாணவர்க்குப் பழைய பாடநூல்களை வாங்கி விற்றன. ராபிள்ஸ் கல்விநிலையம் 1972ஆம் ஆண்டுவரை அவ்வட்டாரத்தில் இருந்தமை இவ்வணிகத்திற்கு ஏற்றதாய் அமைந்தது. 1980ஆம் ஆண்டில் எழுந்த பிராஸ் பசா வளாகத்தைச் சீனர்கள் 'புத்தக நகரம்' என்றே அழைத்தனர். மற்றொரு புறம், தாங்ளின் வட்டாரத்துக் கடைகள் ஐரோப்பியரின் பயண நூல்களையும் பழைய நிலப்படங்களையும் உயர்ந்த விலைக்கு விற்றன.

இவ்விரு சந்தைகளுக்கும் இடையில் தமிழ்நூல் சிக்கிக்கொண்டது. பாடநூலுக்கு ஆண்டுதோறும் வாங்குவோர் உண்டு. பயண நூலுக்கு உலகெங்கும் செல்வர் உண்டு. மெல்லிய தாளில் குறைந்த படிகளே அச்சான அந்தாதிக்கும் லாவணிக்கும் விலை கூறுவார் யார்? பழைய நூலின் விலை அதன் தகுதியால் மட்டும் அமைவதன்று; அதனை விரும்புவோர் இருவரேனும் இருந்தால்தான் போட்டியும் விலையும் பிறக்கும். விலை பிறவாத நூல் எடைக்குச் செல்லும். வீடுதோறும் வந்த காராங் கூனிக்காரர் பழைய நாளிதழோடு சேர்த்து நிறுத்து எடுத்த தாள்களுள் எவையெல்லாம் இருந்தன என்பதற்குப் பட்டியல் இல்லை. லிட்டில் இந்தியாவிற்கு அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மூடப்பட்டது.

சென்னை மூர்மார்க்கெட்டின் நிலை இதற்கு மாறானது. அங்குத் தமிழ்நூல் தேடும் புலவரும் மாணவரும் நாள்தோறும் வந்தமையால் கடைக்காரர்கள் நூலின் அருமை அறிந்து விலை சொல்லக் கற்றனர். 1985ஆம் ஆண்டுத் தீ அக்கட்டடத்தை அழித்தபோது தமிழாய்வாளர் வருந்தியதன் காரணம் இதுவேயாகும். கடைக்காரரின் அறிவும் ஒருவகை நூற்பட்டியலே எனலாம்.

சேகரித்தோர்

சேகரிப்பாளரின் பணியை ராபிள்ஸ் நூலகத்தின் வரலாறு நன்கு காட்டும். ஜே. ஆர். லோகனின் மொழியியல் நூல்தொகுதியும், இந்திய அலுவலக நூலகராயிருந்த ரைன்ஹோல்டு ராஸ்டின் தொகுதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விலைக்கு வாங்கப்பட்டன. 1964ஆம் ஆண்டில் தான் இயோக் சியோங் சுமார் 10,000 நூல்கள் கொண்ட தம் 'யா யின் குவான்' தொகுதியைத் தேசிய நூலகத்திற்கு நன்கொடையாக வழங்கினார். அவர் ஆய்வாளர் மட்டுமல்லர், புத்தக வணிகரும் ஆவார். வணிகமும் புலமையும் ஒருவரிடத்தில் இணைந்ததன் பயன் அத்தொகுதி.

தமிழில் இதற்கு இணை தேடின் செட்டிநாட்டிற்குச் செல்ல வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் தொழில் நடத்திய நகரத்தாரின் ஊர்களுள் ஒன்றான கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுதும் நூல்களைத் திரட்டினார். நூல்களோடு நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் முதலியவற்றையும் அவர் ஒதுக்கவில்லை. 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஓரிலட்சம் உருப்படிகள் கொண்ட தொகுதியைச் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. எனினும் நூல்கள் கடல் கடக்கவில்லை. 1994ஆம் ஆண்டில் சென்னையிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது. விற்பனை என்றாலே இழப்பு என்று கருதுவோர்க்கு இந்நிகழ்வு தக்க விடையாகும். தொகுதி சிதறாமல் ஒன்றாக விற்கப்பட்டதும், மண்ணிலேயே தங்கியதும் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கவை.

பல்கலைக்கழகமும் பட்டியலும்

சிங்கப்பூர், மலேசியத் தமிழர் தனிச் சேகரிப்பாளரை எதிர்பார்த்திராமல் கூட்டு முயற்சியில் இறங்கிய காலமும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட சூழலில், கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் இயக்கத்தின்வழி பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்திற்கு நிதி திரட்டினார். எளிய தொழிலாளரும் அதற்குப் பொருள் ஈந்தனர்.

பின்னர்க் கோலாலம்பூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயக அடிகள், வத்திக்கன் நூலகத்தில் இருந்த 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை 1966ஆம் ஆண்டில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். மூலப்பிரதி எங்கிருப்பினும் அதன் பயன் தமிழர்க்குக் கிட்டச் செய்யலாம் என்பதை அம்முயற்சி உணர்த்திற்று. 1969ஆம் ஆண்டில் இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' இவ்வட்டார நூல்களுக்கும் இதழ்களுக்கும் பட்டியல் அமைத்தது. பட்டியலில் இடம்பெற்ற நூலையே ஒருவர் தேடுவார். தேடப்படும் நூலுக்கே விலையும் மதிப்பும் உண்டாகும். எனவே பட்டியலும் ஒரு பாதுகாப்பே.

2015ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியத்தோடு இணைந்து சமூகத்தினர், சிங்கப்பூர் விடுதலைக்குப் பிந்திய 50 ஆண்டுகளின் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயப்படுத்தினர். போற்றத்தக்க இப்பணி 1965ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட கோயில் மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், பள்ளி மலர்கள், நாடக நோட்டீசுகள் ஆகியவற்றுள் எஞ்சியவை பெரும்பாலும் தனியார் இல்லங்களிலேயே இருத்தல் கூடும். வீடு மாறும்போதும் முதியவர் ஒருவர் மறையும்போதும் அவை குப்பைக்குச் செல்லும் அபாயம் உள்ளது.

முடிவுரை

சிங்கப்பூரின் பழந்தமிழ் நூல்களைப் பெரிதும் காத்தது அயலார் இயற்றிய சட்டம். சந்தை அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சேகரிப்பு காலந்தாழ்ந்தே தொடங்கியது. இந்நிலையில் தமிழாசிரியர் செய்யக்கூடிய பணிகள் எளியனவே. மாணவரின் பாட்டன் பாட்டியர் வீடுகளில் உள்ள அச்சுத் தாள்களைப் பட்டியலிடச் செய்யலாம். நூலின் தலைப்புப் பக்கம், அச்சகப் பெயர், விலை, உரிமையாளர் கையொப்பம், கடை முத்திரை ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கலாம். புதிதாகக் கட்டடம் செய்யும்போது பழைய அட்டையைக் களையாதிருக்கலாம். பழம்புத்தக வணிகரைப் பகைவராகக் கருதாது, எவ்வகை நூல் நமக்கு வேண்டும் என்பதை அவர்க்கு அறிவிக்கலாம். நூலக முத்திரை உள்ள நூல் விற்பனைக்கு வரின் அது முறையாக நீக்கப்பட்டதுதானா என்று கேட்டறிவதும் கடமையாகும்.

தங்கை சிநேகனின் ஓர் இதழேனும் எங்கோ ஒரு பெட்டியின் அடியில் கிடத்தல் கூடும். அதனைத் திறப்பவர் அஃது இன்னதென அறிந்தவராய் இருத்தல் வேண்டும். அவ்வறிவைப் பரப்பும் இடம் வகுப்பறையே.