தீவகத்தில் அமெச்சூர் வானொலி

அமெச்சூர் வானொலி என்பது, அரச உரிமம் பெற்றவர்கள் வணிக நோக்கமின்றி வீட்டிலேயே நிலையம் அமைத்து வானலையில் உரையாடும் பொழுதுபோக்கு. இதில் ஈடுபடுவோரை உலகெங்கும் ‘ஹாம்’ என்பர். இலங்கையில் இது கொழும்பில் வேர்கொண்டது. ஆனால் அலை பரவுவதற்கு வாய்ப்பான இடம் எது என்று கேட்டால், ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலியவை அடங்கிய யாழ்ப்பாணத் தீவகத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கடல் கடந்து செய்தி அனுப்பும் தேவை இங்கே பழையது. நெடுந்தீவில் இன்றும் நிற்கும் புறாக்கூட்டில் ஒல்லாந்தர் தூதுப் புறாக்களை வளர்த்ததாகச் சொல்வர்.

கம்பியில்லாத் தந்தி இலங்கையில் பொதுமக்களின் ஆர்வமாக மாறியது 1920களில். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு அனுப்பும் கருவி அமைத்து 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. ஆங்கிலேய, இலங்கை ஆர்வலர்களைச் சேர்த்து அவர் அமைத்த வயர்லெஸ் கழகமே இப்பொழுதுபோக்குக்கு அடித்தளம். குடியேற்றக் காலத்து ஹாம்களின் அழைப்புக்குறி ‘விஎஸ்7’ என்று தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் அது ‘4எஸ்7’ ஆயிற்று.

தீவகத்தின் சிறப்பு அதன் உப்புநீரில் இருக்கிறது. கடல்நீர் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாக மின்னைக் கடத்தும். அதனால் கரையோரத்தில் செங்குத்தாக நிறுத்திய அன்ரனாவின் அலை மண்ணில் வீணாகாமல், அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டு நெடுந்தூரம் போகிறது. 14 மெகாஹேர்ட்ஸுக்கு வேண்டியது சுமார் 5 மீற்றர் உயரக் கம்பியும், அடியில் பரப்பச் சில கம்பிகளுமே. 7 மெகாஹேர்ட்ஸுக்கு 20 மீற்றர் செம்புக்கம்பியை நடுவில் வெட்டி, இரு பக்கமும் 10 மீற்றராக இரண்டு பனைகளுக்கிடையே இழுத்துக் கட்டலாம். சோளகம் பெயர்ந்தால் பனை ஆடும். இறுகக் கட்டிய கம்பி அறுந்துவிடும். ஆகவே ஒரு முனையைக் கப்பியில் ஓடவிட்டுப் பாரக்கல் தொங்கவிடுவது நல்லது. மரம் சாயும்போது கல் மேலேறும், நிமிரும்போது கீழிறங்கும், கம்பிக்கு ஆபத்தில்லை. உப்புக்காற்று செம்பைப் பச்சை பூக்க வைக்கும் என்பதால் இணைப்புகளைக் காற்றுப்புகாமல் சுற்ற வேண்டும். நெடுந்தீவு போன்ற சுண்ணாம்புப் பாறை நிலத்தில் நிலக்கம்பி அடிப்பது எளிதல்ல. கரையின் ஈரமணலே அதற்குத் தோதான இடம். இடிமின்னல் காலத்தில் அன்ரனாவைக் கருவியிலிருந்து கழற்றிவிடுவது கட்டாயம்.

இத்தனை வாய்ப்பிருந்தும் தீவகத்தாருக்கு வானொலி நெடுங்காலம் கேட்கும் கருவியாகவே இருந்தது. போர்க்காலத்தில் வடக்கில் அனுப்பும் கருவி வைத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக இருந்தது. 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமில்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, தைனமோவிலிருந்து வந்த மின்னில் மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். உரிமமோ அழைப்புக்குறியோ இல்லாத அந்தக் கேட்போரையும் இவ்வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும். கையில் கிடைத்ததைக் கொண்டு அலையைப் பிடிப்பதுதானே ஹாம்களின் கலை!

ஹாம்களின் பயனை நாடு உணர்ந்தது 2004 டிசம்பர் 26இல். ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் செத்தபோது, விக்டர் குணதிலக்கவும் சக ஹாம்களும் ஹம்பாந்தோட்டையைக் கொழும்புடன் சிற்றலையில் இணைத்தார்கள். அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேயரில், பொழுதுபோக்காக நிலையம் நடத்தச் சென்றிருந்த பாரதி பிரசாத்தின் குழுவே அத்தீவுகளின் குரலாக மாறியது. கடலால் பிரிக்கப்பட்ட ஊர்களுக்கு இதைவிட நெருக்கமான பாடம் இல்லை.

உலக ஹாம்களிடையே தீவுகளுக்குத் தனி மதிப்புண்டு. 1964இல் இங்கிலாந்தின் ஜெஃப் வாட்ஸ் தொடங்கிய ‘வானலையில் தீவுகள்’ திட்டத்தில் இலங்கைப் பெருந்தீவின் எண் ஏஎஸ்-003. ஹாம்கள் பயன்படுத்தும் உலகக் கட்ட வரைபடத்தில் 80 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை யாழ் நகரின் மேற்கு விளிம்பை ஒட்டிச் செல்கிறது. நகரம் என்ஜே09 கட்டத்தில். கடல் தாண்டிய ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றும் எம்ஜே99இல். இலங்கையின் நிலம் மிகச் சிறிதளவே விழும் கட்டம் அது. அங்கிருந்து எழும் ஒரு குரலுக்குப் பதில் சொல்லப் பல நாட்டவர் போட்டியிடுவர்.

செய்மதிகளைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், இலங்கை வானொலிச் சங்கத்தின் காப்பாளராக இருந்தவர். அவர் சொன்ன பாதையில் அமெச்சூர் கருவியைச் சுமந்த முதல் செய்மதி 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெயில்-2. தீவகத்திலிருந்து அது ஏறத்தாழ நேர் மேற்கே, 28 பாகை உயரத்தில் நிற்கிறது. திறந்த கடலுக்கு மேலே மறைப்பு ஏதுமில்லை. மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. 5 வாற் கருவிக்கு ஒரு 12 வோல்ற் பற்றரியும் சிறு சூரியத் தகடும் போதும்.

இலங்கையில் உரிமம் வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அதன் தேர்வில் சித்தியடைய வேண்டும். 2003இன் ஜெனீவா மாநாட்டுக்குப் பின் மோர்ஸ் அறிவைக் கட்டாயமாக்கும் சர்வதேச விதியும் இல்லை. தீவகப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் நான்கு மாணவரையாவது இத்தேர்வுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும்.