டாக்டரம்மா கையில் துப்பாக்கி

போன வாரம் கடம்பூர் இளைய ஜமீன்தாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். பையன் தப்பினானா என்று வாரம் முழுக்கத் தவித்திருப்பீர்கள்.

தப்பினான்!

கடம்பூர் நம் ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே, கூப்பிடு தூரம். சென்னை நியூயிங்டன் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்கார முதல்வர் டெ லா ஹே 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி கடம்பூர்ப் பிள்ளைமேல் விழுந்தது. வழக்கு பம்பாய் வரை போய், விடுதலையில் முடிந்தது. அவனுக்காக நின்ற பாரிஸ்டர் சுவாமிநாதனை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஜெயித்தவருக்குக் கிடைத்த பரிசு என்ன? அதுவரை உறவாடிய துரைமார்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். மனைவி அம்முவோ ரோஷக்காரி. பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அவர்களில் ஒருத்திக்கு அப்போது ஐந்தாறு வயது.

பெயர் லட்சுமி.

இனி நேரே சிங்கப்பூருக்கு வாருங்கள். லட்சுமி இப்போது டாக்டர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிரசவம் பார்ப்பதில் தனிப் பட்டயமும் வாங்கியவர். கூலி வேலைக்கு வந்த ஏழை இந்தியர்களுக்கு மருத்துவம் பார்த்தார். ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1942 பிப்ரவரியில் ஊர் வீழ்ந்தது. அவர் நகரவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து இறங்கினார். ஜான்சி ராணி பெயரில் பெண்கள் படை வேண்டும் என்று கூட்டத்தில் முழங்கினார். கைதட்டியவர்கள் ஏராளம். படைக்குப் பெண்கள் எங்கே?

வழக்கறிஞர் எல்லப்பாவும் லட்சுமியும் கூடிப் பேசினார்கள். போஸ் வரும் அடுத்த கூட்டத்தில் பெண்களே அணிவகுப்பு மரியாதை தந்தால்? இருபது பேரைத் திரட்டினார் லட்சுமி. இரவல் துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் நாலு கிலோ. இரண்டு மூன்று நாள் பயிற்சி, அவ்வளவுதான்.

ஜூலை 12. போஸ் வந்தார்.

சேலை கட்டிய இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். முன்னால் நம் டாக்டர்.

பிறகுதான் அழைப்பு வந்தது. போஸ் பேச வேண்டும் என்கிறார்.

மணிக்கணக்கில் நீண்ட அந்தப் பேச்சுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் உச்சம். இது அலங்காரப் படை ஆகிவிடக் கூடாது; பர்மா எல்லை வரை போய்ப் போரிட வேண்டும். அதற்குத் தலைமை ஏற்க முடியுமா? போஸின் கேள்வி அது.

பிரசவம் பார்ப்பவரை ஏன் தளபதியாக்க நினைத்தார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ரப்பர் தோட்டத்துத் தாய், வயசுக்கு வந்த மகளை யாரை நம்பிப் படைமுகாமுக்கு அனுப்புவாள்? அதுவும் ஜப்பானியச் சிப்பாய்கள் திரியும் ஊரில்? பேறுகாலத்தில் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா கேட்டால் அனுப்புவாள். எந்தத் தளபதிக்கும் கிடைக்காத நம்பிக்கை அது.

லட்சுமிக்கோ இழக்க நிறைய இருந்தது. பெயர், வருமானம், காத்திருக்கும் நோயாளிகள். தோற்றால் தேசத்துரோகப் பட்டம்.

ஆனால் ரோஷம் அவருக்குத் தாய் வழிச் சொத்து.

சம்மதம் என்றார்.

மருத்துவமனையை மூடிவிட்டு மலேயா முழுக்கச் சுற்றினார். தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் திரண்டு வந்தார்கள். மண்வெட்டியும் பால்வாளியும் பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. அக்டோபரில் முகாம் திறந்தது. டாக்டர் லட்சுமி, கேப்டன் லட்சுமி ஆனார்.

1944. பர்மாவின் மேமியோ. இம்பால் முனைக்குப் போகும் உத்தரவுக்காகப் பெண்கள் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். உத்தரவு வருவதற்கு முன்பே முனையிலிருந்து வருகிறார்கள் காயம்பட்டவர்கள். மலேரியா, வயிற்றுப்போக்கு, பசி. மருந்துக்குப் பெரும் பஞ்சம். வானத்தில் எதிரி விமானங்கள்.

கேப்டன் மறுபடி டாக்டராக வேண்டும். ஆனால் துப்பாக்கி பிடிக்கத்தானே அந்தப் பெண்களை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்? அவர்களிடம் போய் என்ன சொல்வார்?

(அடுத்த வாரம்)