உறங்கும் தரவும் காந்த நாடாவும்: நிறுவனச் சேமிப்பின் மின்செலவு

ஒரு நிறுவனம் சேர்த்து வைக்கும் தரவில் அன்றாடம் புழங்குவது சிறு பகுதிதான். முடிந்த ஆண்டுகளின் கணக்குகள், கண்காணிப்புக் கேமராப் பதிவுகள், மாதந்தோறும் எடுத்த காப்புப் பிரதிகள் போன்றவற்றை எழுதிய நாளுக்குப் பிறகு பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. ஆனாலும் அவற்றை அழித்துவிட முடியாது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 128ஆவது பிரிவு, கணக்கேடுகளை 8 நிதியாண்டுகளுக்குக் குறையாமல் பேணச் சொல்கிறது. இத்தகைய தரவை எதில் வைப்பது என்பதைச் சாதனத்தின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. வைத்திருக்கும் காலம் முழுவதற்குமான மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்தால், நெடுங்காலத் தரவுக்குக் காந்த நாடாவே பொருத்தமானது.

ஒரு பெட்டாபைட், அதாவது 1,000 டெராபைட் தரவை 20 டெராபைட் வன்தட்டுகளில் வைக்க 50 தட்டுகள் தேவை. படிப்பதும் எழுதுவதும் இல்லாத வேளையிலும் இத்தகைய தட்டு ஓயாமல் சுழன்று ஏறக்குறைய 5 வாட் இழுக்கிறது. ஐம்பதுக்கும் சேர்த்து 250 வாட். ஆண்டுக்கு 2,190 யூனிட். 8 ஆண்டுகளில் 17,520 யூனிட். சர்வர்களுக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் மின்சாரம் இதில் சேரவில்லை. பழுதுக்கு ஈடாக வைக்கும் உபரித் தட்டுகளும், இடையில் தேய்ந்த தட்டுகளை மாற்றும் செலவும் தனி. அதே தரவு, எல்டிஓ (LTO) என்னும் நாடா வகையின் ஒன்பதாம் தலைமுறையான, 18 டெராபைட் கொள்ளும் எல்டிஓ-9 நாடாவில் 56 கேட்ரிட்ஜ்களில் அடங்கிவிடும். அலமாரியில் இருக்கும் கேட்ரிட்ஜுக்கு மின்சாரமே வேண்டாம்.

வன்தட்டைச் சுழலவிடாமல் வைத்தாலென்ன என்ற யோசனையும் எழுந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கொலரெல்லியும் டர்க் கிரன்வால்டும் 2002இல், பயன்படாத தட்டுகளை நிறுத்தி வைக்கும் முறையை முன்வைத்தனர். பின்னர் ஃபேஸ்புக் நிறுவனம் பழைய படங்களுக்கென அமைத்த சேமிப்பகத்தில், வன்தட்டுகளை ஏந்தும் ஒரு தட்டத்தில் ஒரு நேரத்தில் ஒரு வன்தட்டு மட்டுமே இயங்கும்படி செய்தது. மின்சாரம் மிச்சமானது உண்மை. எனினும் சுழலாத தட்டிலும் மோட்டாரும் மின்சுற்றும் உள்ளேயே இருக்கின்றன. தரவோடு சேர்ந்து அவையும் மூப்படைகின்றன. நாடாவில் இயந்திரம் வேறு, தரவு வேறு. நாடாவைப் படித்து எழுதும் ஒரே இயக்கி நூற்றுக்கணக்கான கேட்ரிட்ஜ்களுக்கு உழைக்கும்.

நாடா புதிய நுட்பமன்று; ஐபிஎம் 1952இலேயே 726 என்னும் நாடாக் கருவியை வெளியிட்டது. அதன் குறை, தேடும் நேரம். இன்றைய எல்டிஓ-9 கேட்ரிட்ஜுக்குள் அரை அங்குல அகல நாடா 1,035 மீட்டர் நீளத்துக்குச் சுருண்டிருக்கிறது. வேண்டிய கோப்புள்ள இடம்வரை அதைச் சுற்றியே தீர வேண்டியிருப்பதால் முதல் பைட் கைக்கு வர ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். வாடிக்கையாளர் காத்திருக்கும் வேலைக்கு இது உதவாது. ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் விநாடிக்கு 400 மெகாபைட் வரை தருகிறது.

நாடாவைத் தேர்வதற்குப் பாதுகாப்பு மற்றொரு காரணம். 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையொன்றால் ஜிமெயில் பயனர்களில் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்தன. வெவ்வேறு தரவு மையங்களில் இருந்த பிரதிகளையும் பிழை தொட்டுவிட்டது. இணைப்பின்றி இருந்த நாடாக்களிலிருந்தே கூகுள் அவற்றை மீட்டது. கணினியோடு இணையாத பொருளைப் பிணைத்தொகை கேட்கும் தீநிரல்களாலும் தொட முடிவதில்லை.

இந்த வாதத்துக்கு எல்லையும் உண்டு. நாடா மலிவு, இயக்கியின் விலையோ சில லட்சம் ரூபாய். சில டெராபைட் மட்டுமே உள்ள சிறு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. இரட்டைப் பிரதிகளை நீக்கி, மிஞ்சியதைச் சுருக்கி, இரண்டு வன்தட்டுகளில் எழுதிக் கழற்றி வெவ்வேறு இடங்களில் வைத்து, ஆண்டுக்கொரு முறை படித்துப் பார்ப்பதே அதற்குப் போதும். பெரிய நிறுவனம் கவனிக்க வேண்டியது தலைமுறை மாற்றம். நாடா 30 ஆண்டு தாங்கும் என்கின்றனர் தயாரிப்பாளர்கள். அதைப் படிக்கும் இயக்கி அத்தனை காலம் சந்தையில் இருப்பதில்லை. எல்டிஓ-9 இயக்கி எல்டிஓ-8 வரைதான் படிக்கும். 2025இல் வந்த எல்டிஓ-10 இயக்கியோ எல்டிஓ-9 நாடாவையே படிப்பதில்லை. ஆகவே நாடா வாங்கும் நாளிலேயே, அதைப் புதிய தலைமுறைக்குப் படியெடுக்கும் ஆண்டும் அதற்கான தொகையும் திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.