அப்பீல் இல்லாத கோர்ட்

வீட்டு வாடகைத் தகராறில் தோற்றால்கூட 'மேல் கோர்ட்டில் பார்த்துக்கறேன்' என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். உங்களுக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்து, மேல் கோர்ட் என்ற ஒன்றே இல்லாவிட்டால்?

தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு பிரிட்டன் மோதிய யுத்தம் அது. காந்திஜி ஆம்புலன்ஸ் படை திரட்டினாரே, அதே யுத்தம்தான். அதில் பிரிட்டனுக்காகப் போராடிய ஒரு குதிரைப்படையில் லெப்டினன்ட் ஹாரி மோரன்ட். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். முரட்டுக் குதிரைகளை அடக்குவதில் சூரர் என்பதால் பட்டப்பெயர் 'பிரேக்கர்'. கவிதையும் எழுதுவார்!

1901 ஆகஸ்டில் அவருடைய நண்பர் கேப்டன் ஹன்ட் போயர்களால் கொல்லப்பட, மோரன்ட் கொதித்துப்போனார். சரணடைந்த கைதிகள் சுட்டுத் தள்ளப்பட்டார்கள். ஒரே நாளில் எட்டுப் பேர். இதில் சந்தேகமே வேண்டாம், செய்ததைக் கோர்ட்டில் மோரன்ட் மறுக்கவும் இல்லை. 'கைதிகள் வேண்டாம் என்பது மேலிடத்து வாய்மொழி உத்தரவு' என்பதுதான் அவர் வாதம். மேலிடம் என்றால் தளபதி கிச்சனர்!

1902 ஜனவரியில் ராணுவ கோர்ட் கூடியது. மோரன்ட், ஹேண்ட்காக், விட்டன் மூவருக்கும் வக்கீல் மேஜர் தாமஸ். ஊரில் அவர் சாதாரண சொலிசிட்டர். கட்சிக்காரர்களை அவர் சந்தித்ததே விசாரணைக்கு முந்தின நாள்தான். மரண தண்டனை விதித்த நீதிபதிகளே 'கருணை காட்டலாம்' என்றும் எழுதி அனுப்பினார்கள். இறுதி முடிவு எடுக்க வேண்டியவர் யார் தெரியுமா? அதே கிச்சனர்! விட்டனுக்கு மட்டும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

பிப்ரவரி 26 அன்று கைதிகளுக்கு விஷயம் சொல்லப்பட்டது. மறுநாள் விடியற்காலை துப்பாக்கிகள் தயார். மன்னருக்கு மனுப் போட அவகாசம் கேட்டு ஓடினார் தாமஸ். கிச்சனர் ஊரில் இல்லை என்று பதில் வந்தது. ஆஸ்திரேலிய அரசுக்குத் தகவலே போகவில்லை. 27-ம் தேதி பிரிட்டோரியாவில் இருவரும் சுடப்பட்டார்கள்.

உயிரோடிருந்த விட்டனுக்காக மனுக்கள் குவிந்தன. 1904-ல் விடுதலை! உயிர் இருந்ததால் மனு வேலை செய்தது, அவ்வளவுதான். பிரிட்டிஷ் ராணுவ கோர்ட் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை 1951-ல்தான் சட்டமானது.

நூறு வருடம் கழித்து ஆஸ்திரேலிய ராணுவ வக்கீல் ஜேம்ஸ் அன்கிள்ஸ், இறந்தவர்களுக்காக பிரிட்டனிடம் மன்னிப்பு கேட்டு மனுப் போட்டார். 2010-ல் நிராகரித்தார்கள். கைதிகளைக் கொன்றது கொலைதான் என்பதால் எனக்கு அதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஆனால், மனு கேட்டது 'அவர்கள் உத்தமர்களா' என்றல்ல, 'முறையாக விசாரித்தீர்களா' என்று. 2018-ல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில், அவர்கள் நடத்தப்பட்ட விதத்துக்காக வாரிசுகளிடம் வருத்தம் தெரிவித்தார்கள்.