மனோரா: பிறர் வெற்றிக்கு எழுந்த கோபுரம்

மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் மீது தீராத ஆசை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த நாங்கள் ஐவர், நெடுநாள் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட பயணத்தை ஒருவழியாக மேற்கொண்டு, தேனியிலிருந்து மதுரை, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை வழியாக மல்லிப்பட்டினம் சென்று சேர்ந்தோம். நாங்கள் காண விரும்பியது, ஊரை அடுத்துள்ள சரபேந்திரராசன்பட்டினக் கடற்கரையில் நிற்கும் மனோராவை.

'மினார்' என்னும் சொல்லே மக்கள் நாவில் மனோரா ஆயிற்று. அறுகோண வடிவில், எட்டு அடுக்குகளாக, ஏறத்தாழ 75 அடி உயரத்தில் எழுகிறது கோபுரம். அடுக்குக்கு அடுக்கு இறவாரமும், வளைவுச் சாளரங்களும் உண்டு. சுற்றிலும் மதில், மதிலைச் சுற்றி அகழி. தொலைவிலிருந்து நோக்குவோர் ஏதோ பெரும்போரைக் கண்ட கோட்டை என்றே எண்ணுவர். ஆனால் இது போருக்காக எழுந்ததன்று. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி, நெப்போலியனை ஆங்கிலேயர் வீழ்த்தியதைக் கொண்டாட எழுப்பிய நினைவுச் சின்னம்.

வாட்டர்லூ வெற்றியின் நினைவாகக் கட்டப்பட்டது என்றே பலரும் எழுதுகின்றனர். கல்வெட்டோ 1814 என்கிறது. வாட்டர்லூப் போர் நடந்தது 1815 சூன் 18 அன்று. ஆகவே சரபோஜி கொண்டாடியது, 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்ட முதல் வீழ்ச்சியை என்று கொள்வதே பொருந்தும். ஐரோப்பியச் செய்தி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வந்து சேரப் பல மாதங்கள் ஆன காலம் அது. வீழ்ந்தார் என்று இங்கே கல்லில் பொறிக்கப்பட்டவர், 1815 மார்ச்சில் மீண்டும் பாரிசுக்குள் நுழைந்துவிட்டார்! அவர் இரண்டாம் முறை வீழ்ந்த பின்னரே கல்வெட்டின் கூற்று நிலைத்தது.

இக்கோபுரத்தை எழுப்பியவரின் நிலை என்ன? 1798இல் அமர்சிங்கை விலக்கிச் சரபோஜியை அரியணையில் அமர்த்தியது கும்பெனி. மறு ஆண்டே, 1799 உடன்படிக்கையின்படி, நாட்டின் ஆட்சி கும்பெனியின் கைக்கு மாறிற்று. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். நாங்கள் நின்ற அந்தக் கடற்கரையும் அன்று அவர் ஆட்சியில் இல்லை. போரிடப் படையில்லாத மன்னர், தமதல்லாத வெற்றிக்கு, மதிலும் அகழியும் சூழக் கோபுரம் எடுத்தார் என்பதை எண்ணியபோது எங்களிடையே சற்று நேரம் பேச்சில்லை.

எனினும் அவரை வெறும் முகத்துதிக்காரர் என்று ஒதுக்கிவிட இயலாது. 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. அந்த நினைவு அரண்மனையில் அழிந்திருக்காது. தம்மைப் பேணிக் கற்பித்த பாதிரியார் சுவார்ட்சுக்குச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்வித்தவர் சரபோஜி. நன்றி என்பது அவர் இயல்பிலேயே இருந்தது. ஒரு மனிதருக்குச் செலுத்திய நன்றி எங்கே முடிகிறது, ஓர் ஆதிக்கத்துக்குச் செலுத்திய வணக்கம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை எங்கள் பக்கமே திருப்பினார் உடன் வந்த நண்பர் ஒருவர்: "நம் ஊரில் நாமும் ஒரு வெள்ளைக்காரருக்குத்தானே மாலை போடுகிறோம்?"

உண்மை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பென்னிகுயிக்கின் படம் எங்கள் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் தொங்குகிறது. அவர் பிறந்த நாளான சனவரி 15இல் பொங்கல் வைக்கும் ஊர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டவர்களும் உண்டு. அந்த அணைக்குப் பின்னாலும் அரசின் வருவாய்க் கணக்கு இருந்தது என்பதை நாங்கள் அறியாதவர்களல்லர். ஆனால் அரசு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறந்தது 2013இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே அவரை நினைவில் ஏற்றியவர்கள், அந்த நீரில் நெல் விளைவித்த உழவர்கள். மனோராவின் கல்லை நாட்டியதோ ஓர் அரசர். எதற்காக என்பதையும் அவரே கல்லில் எழுதிவிட்டார். அதைப் படிக்கும் ஊரார்க்கு அந்த வெற்றியில் பங்கேதும் இருந்ததில்லை.

சரபோஜிக்கும் மக்கள் மனத்தில் இடம் இருக்கிறது. அது இக்கோபுரத்தால் வந்ததன்று. ஓலைச் சுவடிகளையும் நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்து வளர்த்த சரசுவதி மகாலால் வந்தது.

2004 ஆழிப்பேரலையில் சேதமுற்றுப் பின்னர் செப்பனிடப்பட்ட மதிலருகே, பொழுது சாயும்வரை அமர்ந்திருந்தோம். எதிரே பாக் நீரிணை அலையின்றிக் கிடந்தது. மீனவர்களுக்கு அந்தக் கோபுரம் கரை இருக்கும் திசையைக் காட்டும் அடையாளம். அதைக் கட்டியவரின் நோக்கத்தைவிட, இந்தப் பயன் நீண்டு நிற்கும் என்று எங்களுக்குத் தோன்றியது.